படம் வரைந்து பாகங்களைக் குறி

...ஒரு டாட்டா காட்டக்கூடாதா? கையைத் தூக்கினா தேஞ்சா போயிடும்? ரயில் நகருது, நான் பிளாட்பாரத்துல கூடவே நடக்கறேன், எங்க வீட்டுக்காரர், இந்த மனுஷன் எதிர் சீட்டுக் குழந்தையையே பாத்துட்டு உக்காந்திருக்கார்! நீ நல்லா உக்காரும்மா, பையை என் மடியில வேணா வை, பரவால்ல. பஸ் இப்ப எடுக்க மாட்டான், கண்டக்டர் டீ குடிக்கப் போயிருக்கார். நீ எங்க, சோழிங்கநல்லூரா? நானும் அங்கதான். அங்கேர்ந்து கோவளத்துக்கு மாறணும். சொந்தக்காரங்க எல்லாம் யாரும் இல்ல. மீன் வாங்கவும் இல்ல, நாங்க சைவம். அங்க மீன் ஏலம் விடறாங்கல்ல, அந்தக் கூட்டத்தைப் படம் போடணும். ஆமா, நான்தான். ஏன், நான் போடக்கூடாதா? இல்ல இல்ல, நீ சிரிக்கல, தெரியும்... இப்ப யாரைப் பாத்தாலும் எனக்குச் சிரிக்கற மாதிரியே இருக்கு.

இல்லஸ்ட்ரேஷன் படிக்கறேன்மா. கதைக்கு, பாடப் புத்தகத்துக்கெல்லாம் படம் போடறாங்கல்ல, அந்தப் படிப்பு. புதுசாத்தான் சேந்திருக்கேன். கேம்ப் ரோட்டுல பேக்கரிக்கு மாடியில, சனி ஞாயிறு கிளாஸ். முதல் நாள் போறேன், வாச்மேன் கதிரேசன்னு ஒருத்தன், "இன்னாம்மா, பொண்ண உட வந்தியா? பேரன்ட்ஸ்லாம் கீயதான் குந்தணும்"ங்கறான். நான்தாம்ப்பா பொண்ணுன்னேன். என் தலையைப் பாத்தான். டை அடிச்சு ஒரு மாசம் ஆன தலை. "போ, போ, மேல ஏசி கீது"ன்னு வழி விட்டான். கிளாஸ் எதுக்குன்னு நெனச்சானோ!

உள்ள போனா, எல்லாம் என் பொண்ணு சின்மயியை விடச் சின்னதுங்க. ஆளுக்கொரு டேப்லட். கண்ணாடி மேல பேனாவை வெச்சு வழுக்கு வழுக்குன்னு வழுக்குதுங்க. நான் மட்டும் பென்சில், ரப்பர், ஷார்ப்னர். சொல்லிக்குடுக்கறவ பேரு வேதா. டீச்சர்னு கூப்பிடக்கூடாதாம், வேதான்னே கூப்பிடணுமாம். காலமெல்லாம் பயாலஜி டீச்சரா இருந்தவளுக்கு வாய் வருமா? ஒரு மாதிரி "வேதாம்மா"ன்னு முழுங்கி முழுங்கிக் கூப்பிடறேன்.

முதல் வாரமே ஹோம்வொர்க். நீங்க ஏன் வந்தீங்க, உங்க பலம் என்ன, எங்க போய்ச் சேரணும்... மூணையும் ஒரு பக்கம் எழுதணும். அப்புறம் அதையே படமாப் போடணும். இதென்ன பொண்ணு பாக்க வந்தவங்க கேக்கற மாதிரி கேக்கறான்னு நெனச்சேன். ஆனா பசங்க ஒண்ணும் அசரல. மெர்வின்னு ஒரு பையன், கேம்ல வர்ற டிராகனை எல்லாம் நான்தான் போடணும்னான். ஏஞ்சல்னு ஒரு பொண்ணு, இந்தப் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுதான், நம்ம பஸ் அந்த வழியாத்தான் போகும். "எங்க பிளாக்குல இருக்கற பசங்க மூஞ்சி எந்தக் கதை புக்லயும் இல்ல, அதைப் போடத்தான் வந்தேன்"னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா என் பேப்பர்ல என்ன இருக்கு? "சிறு வயது முதலே கலை என் உயிர்மூச்சு." அழகா, சாய்ச்சு, ஃபவுண்டன் பேனாவுல எழுதியிருந்தேன்.

வேதா படிச்சா. மரியாதையாத்தான் கேட்டா. "மேடம், இதை யாரு வேணா எழுதலாமே. நீங்க ஏன் வந்தீங்க?" என்னை! எந்தப் பொண்ணு எவளைப் பாத்துக் காப்பியடிச்சான்னு பேப்பரைத் தொட்டதும் சொன்னவ நான், என்கிட்ட! வந்த கோவத்துல அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி அத்தனையும் ஓட்டை.

சரி, நிஜமா ஏன் வந்தேன்? நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் ராஜாராமன் ரிட்டயர் ஆயிட்டார். அவ்ளோதான் காரணம். கெட்டவர் இல்லம்மா, சத்தியமா. குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதட்டல் கிடையாது. கஷ்டமே அதான். கெட்டவரா இருந்தா ஊரே என் பக்கம் நிக்கும். ஆபீஸ்ல ஒரு செக்‌ஷனையே கட்டி மேச்சவர், இப்ப மேய்க்கறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். தோசை ஊத்தினா பின்னாடி வந்து நிப்பார். பேச மாட்டார், மூச்சு மட்டும் விடுவார். அப்புறம், "கல்லு காஞ்சிடுச்சு போலயே..." குக்கர் வெச்சா ஹால்லேர்ந்து சத்தம் வரும், "சுந்தரி, ஒரு விசில் ஜாஸ்தி விட்டுட்டே!" ஒரு நாள் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கறேன், உள்ள சீட்டு ஒட்டியிருக்கார்! கடுகு, சீரகம், மஞ்சள், மிளகுன்னு. கண்ணை மூடிட்டு அள்ளிப் போட்டவளுக்கு! அதுவும் என் கடுகு இடத்துல சீரகம் இருக்கு. ஏங்கன்னா, அகர வரிசையாம்.

அப்பதான் இந்த கிளாஸோட பேனரைப் பாத்தேன். "வயது வரம்பு இல்லை." கராத்தேன்னு போட்டிருந்தாலும் சேந்திருப்பேன்மா. வாரத்துல ரெண்டு காலை, என் முதுகுக்குப் பின்னாடி யாரும் மூச்சு விடக்கூடாது. அதான் என் கலை தாகம்!

...எடுத்துட்டானா? எடுத்துட்டான். காத்து வருது பாரு. அந்த ஷட்டரை லேசா ஏத்திவிடு.

பலம்னு கேட்டாளே, அதுக்கு என்ன எழுத? ரொம்ப யோசிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது. செம்பருத்திப் பூ நீள்வெட்டுத் தோற்றம்! போர்டுல நான் போட்டா அடுத்த பீரியட் டீச்சர் டஸ்டரை எடுக்கத் தயங்குவாங்க. கரப்பான்பூச்சி, தவளை, மனுஷக் காது, எதைக் கேட்டாலும் போடுவேன். நீயும் எழுதியிருப்பியே, "படம் வரைந்து பாகங்களைக் குறி." அதையே செஞ்சா என்னன்னு தோணுச்சு. உக்காந்து இவரைப் போட்டேன். உச்சந்தலையிலேர்ந்து செருப்பு வரைக்கும், பூவைப் பொளந்து வெச்ச மாதிரி. "ஓய்வுபெற்ற ஆண், நீள்வெட்டுத் தோற்றம்." பாகமும் குறிச்சேன். கழுத்து: சமையலறையை எட்டிப் பார்க்க ஏற்றவாறு நீண்டது. வலது கை: ரிமோட்டுடன் இணைந்தது. காது: குக்கர் விசிலை மட்டும் உணரும், மனைவியின் குரலை உணராது. மூக்குக்கு ஒரு அம்புக்குறி: பிறர் முதுகின்மீது வெப்பக்காற்றை வெளியிடும் உறுப்பு.

பாத்தியா, நீயே சிரிக்கறே! இந்த தடவை நிஜமாவே சிரிச்சே.

கிளாஸே அப்படித்தான் சிரிச்சுது. மெர்வின் வந்து, "அக்கா, வேற லெவல்"னான். அக்கா! வேதா மட்டும் சிரிச்சு முடிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தா. "உங்க கோடு நல்லாருக்கு மேடம், ஆனா பலம் கோடு இல்ல. நீங்க விடாம பாக்கறீங்க. இவரை இவ்வளவு கிட்ட யாரும் பாத்திருக்க மாட்டாங்க"ன்னா. எனக்கு என்னமோ பண்ணிடுச்சும்மா. என்கிட்ட பலம்னு ஒண்ணு இருக்குன்னு யாரு சொல்லியிருக்கா? சாம்பார் பிரமாதம்பாங்க. அது சாம்பாரோட பலம்.

அங்கயே நின்னிருக்கணும். கிளாஸ் சுவத்துல ஒட்டி, அதோட போயிருக்கணும். ஆனா படம் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புக்கு வந்துடுச்சு. மாடம்பாக்கத்துல இருக்கோம். தண்ணி லாரி வருமா வராதான்னு கேட்டா ஒரு ஜீவன் பதில் போடாத குரூப்பு, அன்னிக்கு டிங் டிங் டிங்னு ஓயவே இல்ல. பக்கத்து வீட்டு காமு ஃபோன் பண்ணி, "அந்தக் கழுத்து அப்படியே எங்க வீட்டுக்காரர்"னு அழுது அழுது சிரிக்கறா. மறுநாள் காலையில இவர் வழக்கம்போல கோயிலைச் சுத்தி வாக்கிங் போனார். போனவர் பாதியில திரும்பிட்டார். அசோசியேஷன் செக்ரட்டரி தட்சிணாமூர்த்தின்னு ஒருத்தர், அவரும் ரிட்டயர்டுதான், தூரத்துலேர்ந்தே கூப்பிட்டாராம். "வாங்க நீள்வெட்டு! என்ன, கழுத்து இன்னிக்குச் சின்னதா இருக்கு?" கூட நடக்கறவங்க எல்லாம் கொல்லுன்னு சிரிச்சாங்களாம். ஆபீஸ் முடிஞ்சப்புறம் அவருக்குன்னு இருந்தது அந்த நாலு பேர்தான். அன்னியோட வாக்கிங் நின்னுபோச்சு.

என்னைத் திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு நேரா போயிருக்கும். திட்டல. குளிச்சுட்டு வந்து பாக்கறேன், அஞ்சறைப் பெட்டியை மடியில வெச்சுட்டு, ஈரத் துணியால அந்தச் சீட்டை எல்லாம் ஊற வெச்சு, நகத்தால சுரண்டி எடுத்துட்டிருக்கார். கடுகை அதோட பழைய இடத்துல வெச்சுட்டார். எனக்கு அங்க நிக்க முடியல, பால்கனிக்குப் போயிட்டேன்.

அப்புறம் சமையக்கட்டுப் பக்கமே வரல. குக்கர் எத்தனை விசில் விட்டுதுன்னு சொல்ல ஆள் இல்ல, பருப்பு கூழாப் போச்சு. அதையும் பேசாம சாப்பிட்டார். ஒரே ஒரு தடவை, பேப்பரைப் பிரிச்சு மூஞ்சியை மறைச்சுட்டு, "சுந்தரி, இத்தனை நாளா என்னை இப்படியா பாத்துட்டிருந்தே?"ன்னார். கை தவறி குரூப்புக்குப் போயிடுச்சுங்க, சின்மயிக்கு அனுப்பப் போனேன்னேன். "ம்"னார். நேத்து பெட்டியைக் கட்டிட்டார். திருச்சியில சின்மயி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னார். கொஞ்ச நாள்னா எவ்வளவுன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணுமோ?

வீடு காலி இப்ப. நான் ஆசைப்பட்டது அதான? சனி ஞாயிறு என்ன, ஏழு நாளும் என் முதுகுக்குப் பின்னாடி ஆள் இல்ல. அங்க போய் என்ன பண்றதுன்னுதான் ஸ்டேஷன்லேர்ந்தே பஸ் ஏறிட்டேன். நீயே சொல்லு, ஒரு படம், வெறும் ஒரு படம், அதுக்குப் போய் ஒரு மனுஷன் ஊரை விட்டே...

என்ன? சத்தமா கேளும்மா, இவன் ஹாரன்ல ஒண்ணும் விழல.

...கை எப்படித் தவறுச்சுன்னா?

மேடவாக்கம் தாண்டிடுச்சா? எவ்வளவு கடை வந்துடுச்சு பாரு இந்த ரோட்டுல... ம்? தவறலம்மா. எங்க தவறுச்சு. சின்மயி பேரு எங்க, குரூப்பு பேரு எங்க. நான்தான் போட்டேன். போட்டதும் திக்குன்னுச்சு, அது நிஜம். எல்லாருக்கும் அழியற மாதிரி ஒண்ணு இருக்கில்ல, அதுவும் எனக்குத் தெரியும். விரலைக் கூட கொண்டுபோயிட்டேன். அதுக்குள்ள தட்சிணாமூர்த்தி ஒரு சிரிப்பு போட்டார். அடுத்து காமு. அப்புறம் மேல் மாடியில ஒரு டாக்டர், லிஃப்ட்ல கூட யார் மூஞ்சியையும் பாக்க மாட்டார், அவர் கேக்கறார், "யாரு வரைஞ்சது இது? பிரமாதம்!" உள்ரூம்ல இவர் தூங்கிட்டிருக்கார், குறட்டை எனக்குக் கேக்குது. நான் விரலை எடுத்துட்டு, "நான்தான் சார், சுந்தரவல்லி, பி பிளாக்"னு போட்டேன்.

நல்லா வந்திருந்துதும்மா படம். அழிக்க மனசு வரல.

அப்படிப் பாக்காதே. எனக்கும் வருத்தம் இருக்கு. இன்னிக்கு ஜன்னல் வழியாப் பாக்கறேன், அந்தக் கழுத்து நான் போட்ட மாதிரி நீளமே இல்ல. குட்டைக் கழுத்து, பின்னாடி ரெண்டு மடிப்பு, மடிப்புல விபூதி ஒட்டியிருக்கு. துடைச்சு விடணும்னு இருந்துது. இருந்துதா... அதோடவே, அந்த மடிப்புக்கு ரெண்டு கோடு போதுமா, இல்ல ஒண்ணைப் பாதியில விட்டா இன்னும் நல்லா விழுமான்னு ஓடுது உள்ள. இது என்ன ஜென்மம்னு நானே...

எங்க எழுந்துட்டே? இது பெரும்பாக்கம்தான், நீ சோழிங்கநல்லூர்னியே? ஃப்ரெண்டா, இங்கயா, இப்பவா? சரி சரி. இந்தா உன் பை. இரு, பென்சில் எங்க... இல்ல இல்ல, உன்னை ஒண்ணும் போடல, இப்பதான் நோட்டையே எடுக்கறேன். ஏம்மா, படியில நிக்காதே, பிரேக் போடுவான். ஆனா அந்தக் கம்பியைப் பிடிச்சிருக்கியே, தப்பிச்சா போதும்னு... அந்தத் தோள்பட்டை... அப்படியே. அப்படியே நில்லு.