நாக்பூருக்குப் போன வீணை

அன்னிக்கு நான் சொல்லாம விட்டது நாலே வார்த்தை. "சார், தந்தியைக் கொஞ்சம் தளர்த்திடுங்க."

டீ வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும்னு மேனேஜர் சைகை காட்டுறார். அதுக்குள்ள அந்த நாலு வார்த்தையோட கதையைச் சொல்லிடறேன். இவ்வளவு நேரம் எடை, முகவரி, ரசீதுன்னு பேசி உங்களைக் கொட்டாவி விட வெச்சதுக்கு இது பரிகாரம்னு வெச்சுக்குங்க.

திருச்சி பார்சல் கவுண்டர்ல நான் புக்கிங் பார்த்த ரெண்டாவது வருஷம். மே மாசம். ஸ்ரீரங்கத்துலேர்ந்து வரதன்னு ஒருத்தர் வந்தார். பேங்க் ஆபீசர். ஒரு வீணையைத் தூங்குற குழந்தை மாதிரி தோள்ல சாய்ச்சுக்கிட்டு, கால் கூடச் சத்தம் போடாம நடந்து வர்றார்...

"நாக்பூர் போகணும். என் தங்கை பத்மாசனியோட வீணை. வெள்ளிக்கிழமை அவளுக்கு ரேடியோ ஸ்டேஷன்ல தேர்வு. தஞ்சாவூர்ல ரிப்பேர் பண்ணி இப்பதான் வாங்கிண்டு வரேன். எனக்கு லீவு கிடைக்கலை. இது போய்ச் சேர்ந்தாதான் அவ வாசிக்க முடியும். வேற வீணை கிடையாது, புரியறதோ?"

புரிஞ்சுது சார், புரிஞ்சுது!

நம்ம பேக்கிங் அருளப்பன் அண்ணனை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். பெட்டியை மூடினதும் அதுல காதை வெச்சு ஆட்டிப் பார்ப்பாரே, அவர்தான். "பாட்டுச் சாமான் கட்டினா பாட்டே கேக்கக் கூடாது. கேட்டா, பிரிச்சுக் கட்டு"ம்பார். அவர் வீணையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தந்தியை லேசாத் தட்டினார். ணங்ங்...னு நிக்குது.

"சார், முறுக்கு முழுசா இருக்கே. கொஞ்சம் இறக்கிட்டுக் கட்டலாமா?"

வரதன் சாருக்கு வந்ததே கோபம்!

"ஏம்ப்பா, ஸ்ருதி சேர்த்து, சரஸ்வதி முன்னாடி வெச்சுப் பூஜை பண்ணி எடுத்துண்டு வரேன். பரீட்சைக்குப் போற பொண்ணோட வீணையில தந்தி தொங்கலாமோ? அபசகுனம்! பெட்டி கட்டறது உன் வேலை. அதைப் பாரு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீயாவது சொல்லேம்மான்னு.

நான் என்ன பண்ணேன்? கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

தெரியாமலா? நல்லாத் தெரியும். அதுக்கு முன்னாடியே ரெண்டு வீணை கழுத்து விரிசல் விட்டுத் திரும்பி வந்ததை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருக்கேன். ஏழு தந்தியும் ராத்திரி பகல் இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த இழுவையோட லாரி ஒரு பள்ளத்துல இறங்கினா, எங்க போகும் அந்த அடி? கழுத்துக்குத்தான் போகும்.

எல்லாம் தெரியும். ஆனா அவர் பெரிய மனுஷர். பூஜைங்கிறார், சகுனம்கிறார். பின்னால ஆறு பேர் வரிசையில நிக்கிறாங்க. நமக்கு எதுக்கு வம்பு? அதனால ஒண்ணு செஞ்சேன். 'கவனமாகக் கையாளவும்'னு ஸ்டிக்கர் இருக்கு பாருங்க... அதை ஒட்டினேன். எத்தனை? ஏழு! நாலு பக்கமும் ஒட்டி, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, மனசு கேக்காம இன்னொண்ணு. வாயால சொல்ல வேண்டியதைக் கோந்து போட்டு ஒட்டிட்டு, நிம்மதியாச் சாப்பிடப் போனேன்.

புதன்கிழமை போன் வந்தது. பத்மாசனி.

திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை. அதுதான் கஷ்டமாப் போச்சு.

"ஏம்மா, பெட்டியில ஒரு கீறல் இல்லை. ஸ்டிக்கர் கூடக் கிழியலை. பஞ்சு, அட்டை எல்லாம் வெச்சது வெச்சபடியே இருக்கு. உள்ள மட்டும் கழுத்து விட்டுப்போயிருக்கு. எப்படிம்மா?"

"தந்தி முறுக்கோட வந்திருக்கு மேடம். அதனாலதான்."

"ஓ..." அப்புறம் கேட்டாங்க. "இப்படி ஆகும்னு அங்க யாருக்கும் தெரியாதா?"

என்ன பதில் சொல்வீங்க? நீங்க என் நாற்காலியில இருந்தா, என்ன சொல்வீங்க?

"எனக்குத் தெரியும் மேடம்"னேன்.

"அப்போ ஏம்மா சொல்லலை?"



இப்போ உங்களுக்கு வரேன். இந்த மாசம் புதுசா கவுண்டர்ல உட்காரப் போறவங்க பதினொரு பேர் இங்க இருக்கீங்க. நாளைக்கு உங்க முன்னாடியும் ஒருத்தர் வந்து நிப்பார். ஹார்மோனியமோ, தபலாவோ, தாத்தா போட்டோவோ கொண்டு வருவார். அது அவருக்கு உயிர். அதனாலேயே நாம சொல்றது அவர் காதுல ஏறாது. கோபப்படுவார், "உன் வேலையைப் பாரு"ம்பார். சொல்றதும் நம்ம வேலைதாங்க! ஒரு தடவை சொல்லுங்க. கேக்கலைன்னா இன்னொரு தடவை சொல்லுங்க. அப்பவும் கேக்கலையா, பார்சல் யாருக்குப் போகுதோ அவங்க நம்பரை வாங்கி அவங்ககிட்ட நேரா கேளுங்க. எனக்கு அது அப்போ தோணவே இல்லை. ரெண்டே நிமிஷம்... "ஐயோ, எறக்கிடுங்கம்மா, நான் மறுபடி ஸ்ருதி கூட்டிக்கறேன்"னு பத்மாசனியே சொல்லியிருப்பாங்க. வாசிக்கிறவங்களுக்குத் தெரியாததா?

மரியாதைக்காகப் பேசாம இருந்தேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்லைங்க. பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டும் வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பத்மாசனி தேர்வுக்குப் போகலை. அடுத்த தேர்வு பதினாலு மாசம் கழிச்சு வந்தது. அதுல வாசிச்சாங்க, தேறிட்டாங்க.