முன்சக்கரத்துக்கு வண்டி மை

என் பெயர் பிச்சைமணி, தகப்பனார் பெயர் மொக்கைச்சாமி, வயது முப்பத்து நான்கு, மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகா கம்பத்தில் குடியிருந்து மோட்டார் ரிப்பேர் செய்து பிழைக்கிறேன். சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவன். காய் பறிக்கும் கூலிப்பெண் ராமுத்தாயின் சாவுக்கு நான்தான் காரணம் என்று ஏலக்காய்த் தோட்ட முதலாளி வைகுண்டராஜ் கொடுத்த பிராதை வாசிக்கக் கேட்டேன். அது சுத்தப் பொய்.

மேற்படி முதலாளியிடம் பட்டாளத்தார் விற்ற ஜீப் ஒன்று உண்டு. அதை ஓட்டுபவன் கருத்தக்கண்ணன், என் மனைவி சங்கிலியம்மாளின் தம்பி, முன்பு மாட்டுவண்டி ஓட்டியவன். போன செவ்வாய்க்கிழமை அவன் ஜீப்பைக் கொண்டுவந்து, முன்பக்கம் கரகரவென்று சத்தம் வருவதாகச் சொன்னான். சந்தைத் திடலில் வட்டமடிக்கச் சொல்லி, நான் மட்கார்டில் படுத்துக் காது கொடுத்தேன். முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் கியரைப் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் மாறவில்லை. ஆகவே அச்சு மூட்டில் கோளாறில்லை. இடப்பக்கம் வளைத்து, பாரம் வலதுசக்கரத்தில் விழுந்தால் சத்தம் கூடியது. அதன் பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஸ்பானரின் ஒரு முனையைச் சக்கரத்தின் நடுக்குடத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். உள்ளே பேரிங் நொறுங்கியிருந்தது. மதுரையிலிருந்து புதுசு வரும்வரை வண்டி மலையேறக் கூடாது, முதலாளியிடம் சொல்லிவிடு என்றேன். சரி மச்சான் என்று போனான்.

அவன் சொல்லவில்லை. வண்டி நின்றால் முதலாளி வேலையைவிட்டுத் துரத்திவிடுவார் என்று பயந்து, வீட்டில் சக்கரத்தைக் கழற்றி, மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மையை, அதாவது வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்ததை, பேரிங்கில் அப்பியிருக்கிறான், முட்டாப்பயல். சத்தம் அடங்கிவிட்டது. முதலாளி கேட்டதற்கு, மச்சான் சரி பண்ணிட்டாக என்று சொல்லியிருக்கிறான். அதன் பிறகு, காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது சக்கரம் கழன்று ஜீப் கவிழ்ந்தது. ராமுத்தாய் அங்கேயே இறந்தாள்.

நான் போய், உருண்டு கிடந்த சக்கரத்தை முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் வாடை அடித்தது. அதன் பிறகு, தொடை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கருத்தக்கண்ணனிடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"சத்தம் நின்னு போச்சுல்ல மச்சான், சரியாயிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றான். அடிக்கத்தான் போனேன், கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி காலைப் பிடித்துக்கொண்டாள். தாயில்லாத தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தவள். "ஜெயிலுக்கு நீங்க போயிட்டு வாங்க, நான் காத்துக் கெடக்கேன். எந்தம்பி தாங்க மாட்டான்" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டு போய்விடுவது என்றுதான் இருந்தேன். பழியை ஏற்றால் இனி எவனும் என்னை நம்பி வண்டி விடமாட்டான், உண்மையைச் சொன்னால் எனக்கு வீடு கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

இன்று காலை ராமுத்தாயின் தாயார் சோணையம்மாள் என் பட்டறைக்கு வந்தார். ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. கொஞ்சம் நல்லாப் பாத்திருக்கக் கூடாதாய்யா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நன்றாகத்தான் பார்த்தேன். அதை அந்த அம்மாளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சொன்னேன். அதன் பிறகு நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இதில் நான் கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. நான் வீட்டுக்குப் போகலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சொல்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். இன்று ஒருநாள் மட்டும் என்னை உள்ளேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) மொ. பிச்சைமணி