தினமும் நூற்று முப்பத்தெட்டு

மனைவி: நாலு சக்கரமும் இழுக்கற வண்டியை வாங்கிக்கிட்டு எங்கங்க போகப் போறோம்? நிலாவுக்கா?

கணவன்: கேம்ப்பிங்குக்கு.

மனைவி: அடேயப்பா! வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுலயும் போன தடவை மழைன்னு கூடாரத்தைப் பையை விட்டே எடுக்கல.

கணவன்: அன்னிக்குச் சேத்துல சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துச்சே, மறந்துட்டியா?

மனைவி: எப்படி மறப்பேன்? பின்னாடி நின்னு தள்ளினவ நான்தானே. நீங்க உள்ள உக்காந்துக்கிட்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு…

விற்பனையாளர்: சார், மேடம்… ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்.

கணவன்: ரெண்டும் எப்படிம்மா நியாயமாகும்? இவ லிட்டருக்கு எத்தனைன்னு கேக்கறா. நான் ரோட்டைக் கவ்விப் பிடிக்குமான்னு கேக்கறேன்.

விற்பனையாளர்: அதுக்குத்தான் சார் எங்க ஷோரூம்ல ஆளுக்கொரு ஃபார்ம். முன்னாடி வீட்டுக்கு ஒரு ஃபார்ம்தான் குடுத்தோம். ஒரு ஜோடி பேனாவையே உடைச்சிட்டாங்க.

மனைவி: பேனாவோட விட்டாங்களே.

விற்பனையாளர்: ஆனா மேடம், உங்க ஃபார்ம்ல, தினசரி தூரம்னு போட்டிருக்கிற இடத்துல…

மனைவி: அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா. இந்த சீட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்த முடியுமா? பானெட் முனை தெரிய மாட்டேங்குது.

கணவன்: உனக்கு எதுக்குடி பானெட் முனை? லைசென்ஸ் வாங்கினதோட சரி. ஸ்டியரிங்கைத் தொட்டு ஆறு வருஷமாச்சு.

மனைவி: ஏன், நான் ஓட்டக் கூடாதா?

கணவன்: எங்க ஓட்டப் போற? வீட்ல கிளம்பினா நீ வேலை பார்க்கற ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷ நடை. நான் வண்டியைத் திருப்பறதுக்குள்ள நீ மருந்து கவுன்டர்ல நின்னுட்டிருப்ப. போய் உன் தையல் கிளாஸைப் பாரு. மூணு மாசமா சனிக்கிழமை தவறாம போற, என் சட்டைக்கு ஒரு பட்டன் வந்தபாடில்ல.

மனைவி: பட்டன் கடைசிப் பாடம்.

விற்பனையாளர்: அப்போ சார், தினமும் வண்டி எடுக்கறது நீங்க மட்டும்தானா?

கணவன்: நான் மட்டும்தான். ஆபீஸுக்குப் போக பன்னெண்டு, வர பன்னெண்டு. இருபத்துநாலு கிலோமீட்டர்.

விற்பனையாளர்: ஓ… ஆனா மேடம் எழுதினது…

மனைவி: ஏம்மா, எங்க பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குப் பார்க்கறேன்னு கீழ கொண்டு போனாங்களே, ரிப்போர்ட் வந்துடுச்சா?

விற்பனையாளர்: வந்துடுச்சு மேடம். இதோ, கையிலதான் வெச்சிருக்கேன்.

கணவன்: அது… அதுக்கு என்ன அவசரம்? முதல்ல கலரைப் பார்ப்போம்.

மனைவி: கலர் எங்கயும் ஓடிப் போகாது. படிம்மா.

விற்பனையாளர்: போன சர்வீஸ் எட்டு மாசம் முன்னாடி. அதுக்கப்புறம் ஓடின தூரம்… இருபத்தஞ்சாயிரம் கிலோமீட்டர்.

மனைவி: ரெண்டாயிரத்து ஐந்நூறா?

விற்பனையாளர்: இருபத்தஞ்சாயிரம் மேடம்.

மனைவி: வேற யாரோட பேப்பரையோ எடுத்துட்டு வந்துட்டம்மா.

விற்பனையாளர்: உங்க வண்டி நம்பர்தான். பாருங்க.

கணவன்: மீட்டர் கெட்டுப் போயிருக்கும். பழைய வண்டிதானே. பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடியிருக்கும்.

விற்பனையாளர்: இல்லங்க சார். முன் டயர் ரெண்டும் வழுக்கையாயிடுச்சு. பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. அடியில கல் உரசின தடம். பம்பருக்குள்ள பைன் மரத்து ஊசியிலை ஒரு கொத்து சிக்கியிருந்ததாம். மலையில ஓடின வண்டின்னு மெக்கானிக் அடிச்சுச் சொல்றார்.

மனைவி: மலையா? ஏங்க… பார்க்கிங் தூண்ல இடிச்சிட்டேன்னு சொன்னீங்களே, அந்த பம்பர்தானே?

கணவன்: ஆமா… அந்தத் தூண் பக்கத்துல மரம் ஒண்ணு…

மனைவி: அது அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்!

கணவன்: கலரைப் பார்ப்போமா?

மனைவி: இருங்க. எட்டு மாசம். மாசத்துக்கு இருபத்திரண்டு நாள் வேலை. நூத்தி எழுபத்தாறு நாள். ஒரு நாளைக்கு… நூத்தி நாப்பது கிலோமீட்டர்.

விற்பனையாளர்: அப்போ சரியாத்தானே மேடம் வருது? நீங்க…

மனைவி: நீ கொஞ்சம் சும்மா இரும்மா! நூத்தி நாப்பது… தினமும் நூத்தி நாப்பதா… ஏங்க, எங்க போறீங்க?

கணவன்: வீட்ல போய்ப் பேசலாம்.

மனைவி: யாரு அவ?

கணவன்: என்னது?

மனைவி: எழுபது கிலோமீட்டர் தள்ளி வீடு வெச்சிருக்கிறவ யாருன்னு கேக்கறேன்.

கணவன்: ஐயையோ! ஏய், என்ன பேச்சு பேசற? அந்தப் பொண்ணு கேட்டுட்டு நிக்குது…

விற்பனையாளர்: நான் தண்ணி எடுத்துட்டு வரேன் சார்…

மனைவி: நீ எங்கயும் போகாதம்மா. ஒரு சாட்சி இருக்கட்டும். சொல்லுங்க!

கணவன்: அவளும் இல்ல, இவளும் இல்ல. ஆபீஸ்டி. ஆபீஸ்!

மனைவி: ஆபீஸ் பன்னெண்டாவது கிலோமீட்டர்ல இருக்கு.

கணவன்: இருந்துச்சு. எட்டு மாசம் முன்னாடி எங்க லிஃப்ட் கம்பெனியையே மொத்தமாத் தூக்கி மலைக்கு அந்தப் பக்கம் வெச்சிட்டாங்க. புதுத் தொழிற்பேட்டைக்கு. டிராயிங் பிரிவு, பட்டறை, கேன்டீன், எல்லாம்.

மனைவி: மலைக்கு… அந்தப் பக்கமா?

கணவன்: கணவாய் தாண்டி.

மனைவி: தினமும்?

கணவன்: தினமும்.

மனைவி: அப்போ காலையில ஆறு மணிக்கு நீச்சலுக்குப் போறேன்னு கிளம்பறது?

கணவன்: நீச்சலாவது ஒண்ணாவது. எனக்கு இன்னும் நீச்சல் குளம் எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது.

மனைவி: பொய்! தினம் துண்டு நனைஞ்சு வருதே. நான்தானே பிழிஞ்சு காயப் போடறேன்!

கணவன்: அது… ஆபீஸ் குழாய்ல நனைச்சு எடுத்துட்டு வருவேன்.

மனைவி: கடவுளே… எட்டு மாசமா குழாய்த் தண்ணியையா பிழிஞ்சிட்டிருந்தேன்? அதுல குளோரின் வாசனையே இல்லையேன்னு எத்தனை நாள் மோந்து பார்த்திருக்கேன் தெரியுமா? பரவாயில்ல, குளத்தை நல்லா வெச்சிருக்காங்கன்னு அவங்களுக்குப் பாராட்டு வேற!

விற்பனையாளர்: சார்… துண்டை நனைக்கற அளவுக்கு யோசிச்சிருக்கீங்களே…

கணவன்: நீயும் சேர்ந்துக்காதம்மா.

மனைவி: ஏன்? ஏன் என்கிட்ட சொல்லல? நான் என்ன புலியா, கரடியா?

கணவன்: அஞ்சு வருஷத்துல எத்தனை வீடு மாறினோம்?

மனைவி: நாலு.

கணவன்: எல்லாம் என் வேலைக்காக. நாலாவது வீட்டு வாசல்ல பெட்டியை இறக்கி வெச்சுட்டு நீ என்ன சொன்ன? "இனிமே மூட்டை கட்டணும்னா என்னையும் அதுக்குள்ள வெச்சுக் கட்டுங்க"ன்னு சொன்ன. சொல்லிட்டு அந்தப் பெட்டி மேலயே உக்காந்து அழுத. உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல உனக்குன்னு ஒரு வீடு அமைஞ்சிருக்கு. நான் வந்து மறுபடியும் பெட்டியைத் திறன்னு எப்படிச் சொல்றது? வாய் வரல.

மனைவி: அதுக்காக எட்டு மாசமா? ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு? இவ்வளவு பெரிய விஷயத்தைக் கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்க எப்படிங்க மனசு வந்துச்சு?

கணவன்: தப்புதான்.

மனைவி: அந்த பம்பர்… உண்மையைச் சொல்லுங்க.

கணவன்: ஒண்ணுமில்ல. லேசா வழுக்கிடுச்சு.

மனைவி: லேசான்னா?

கணவன்: காலையில கண்ணுக்கே தெரியாத மாதிரி ரோட்டு மேல பனி உறைஞ்சு கிடக்கும். ஒரு வளைவுல முன் சக்கரம் ரெண்டும் என் பேச்சைக் கேக்கல. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பறேன், வண்டி அந்தப் பக்கம் போகுது. ஒரு மரம் வந்து தடுத்துச்சு.

மனைவி: மரம் இல்லன்னா?

கணவன்: மரம் இருந்துச்சே.

மனைவி: இல்லன்னா?

கணவன்: அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.

மனைவி: ஐயோ…

விற்பனையாளர்: மேடம், உக்காருங்க. இந்தாங்க தண்ணி.

மனைவி: எந்த வளைவு?

கணவன்: எந்த வளைவுன்னா… சொன்னா உனக்குத் தெரியவா போகுது?

மனைவி: பால் பண்ணை தாண்டி வருமே, அதா?

கணவன்: ஆமா. அதுலேர்ந்து மூணாவது. வெயில் படாத வளைவு… பால் பண்ணை இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: பால் பாக்கெட்ல போட்டிருக்கு. பேச்சை மாத்தாதீங்க. அன்னிக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து என்ன பண்ணீங்க?

கணவன்: ஞாபகம் இல்ல.

மனைவி: எனக்கு இருக்கு. ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. வழக்கத்துக்கு மேல சிரிச்சீங்க. என் கையை விடவே இல்ல. என்னங்க இன்னிக்கு இவ்வளவு பாசம்னு நான் கிண்டல் பண்ணினேன். பாவி மனுஷா… செத்துப் பிழைச்சு வந்து உக்காந்திருக்கீங்க, நான் கிண்டல் பண்ணிட்டிருந்திருக்கேன்!

கணவன்: அழாதடி. எல்லாரும் பார்க்கறாங்க.

மனைவி: பார்க்கட்டும். ஏம்மா!

விற்பனையாளர்: சொல்லுங்க மேடம்.

மனைவி: நாலு சக்கரமும் இழுக்கற வண்டியைக் காட்டு. ஆறு சக்கரம் இழுக்கறது இருந்தா அதைக் காட்டு.

கணவன்: அப்போ மைலேஜ்?

மனைவி: அதுவும் வேணும்.

விற்பனையாளர்: இந்த ஹைப்ரிட்டைப் பாருங்க மேடம். பின் சக்கரத்துக்குன்னு தனியா மோட்டார். நேர் ரோட்ல அது சும்மா இருக்கும். முன் சக்கரம் வழுக்குதுன்னு தெரிஞ்ச உடனே தானா பிடிச்சுக்கும். நாலு சக்கரமும் எப்பவும் இழுக்கற பெரிய வண்டி மாதிரி பெட்ரோல் குடிக்காது. லிட்டருக்குப் பதினெட்டு தரும்.

மனைவி: அந்த மாதிரி வளைவுல, பனியில, நிஜமாவே பிடிச்சுக்குமா?

விற்பனையாளர்: கிளம்பறதுக்கும் ஏறுறதுக்கும் நல்லா உதவும் மேடம். ஆனா நிக்கறதுக்கு டயர்தான். பனிக்காலத்துல அதுக்குன்னு இருக்கற டயரை மாட்டணும். வேகத்தையும் குறைக்கணும். வண்டி இருக்குன்னு நம்பி யாரும் விரட்டக் கூடாது.

மனைவி: கேட்டீங்களா? நல்லாக் காதுல வாங்கிக்குங்க.

கணவன்: கேட்டுட்டேன். இந்த வண்டியையே போட்டுடும்மா. இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்.

மனைவி: மன்னிச்சேன்னு யாரு சொன்னா? வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு.

விற்பனையாளர்: அப்போ பெட்ரோல் செலவு கணக்குக்குச் சார் எழுதின இருபத்துநாலை அடிச்சுடறேன். மேடம் எழுதினதையே எடுத்துக்கறேன்.

கணவன்: மேடம் என்ன எழுதினாங்க?

மனைவி: ஏங்க, நேரமாச்சு. கிளம்பலாமா?

விற்பனையாளர்: "தினமும் நூத்தி முப்பத்தெட்டு கிலோமீட்டர், மலைப்பாதை". இதைத்தான் சார் ரெண்டு மூணு தடவை கேக்க வந்தேன். மேடம் விடவே இல்ல.

கணவன்: நூத்தி முப்பத்தெட்டா? இங்க குடு… உன் கையெழுத்துதான். ஏய்… அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் மைலேஜ், மைலேஜ்னு மல்லுக்கு நின்ன? எனக்காகவா? நான் ஒரு முட்டாள். எதுல கண்டுபிடிச்ச? அந்தத் துண்டுலதானே?

மனைவி: இல்லங்க…

கணவன்: ரெண்டே ரெண்டு கிலோமீட்டர்தான் விட்டுட்ட. போக எழுபது, வர எழுபது.

மனைவி: அறுபத்தொன்பது.

கணவன்: எழுபதுடி. தினம் போறவன் சொல்றேன்.

மனைவி: உங்க ஆபீஸுக்கு எழுபதா இருக்கலாம். புது ஆஸ்பத்திரி கேட்டுக்கு அறுபத்தொன்பதுதான்.

கணவன்: எந்த… புது ஆஸ்பத்திரி?

மனைவி: தொழிற்பேட்டை வந்துடுச்சுன்னு எங்க ஆஸ்பத்திரியும் அங்க ஒரு கிளை தொறக்கறாங்க. நான்தான் தலைமை மருந்தாளுநர். மூணு மாசம் முன்னாடியே கேட்டாங்க, கையெழுத்துப் போட்டு மூணு வாரமாச்சு.

கணவன்: ஏய்… என்ன சொல்ற? எப்போலேர்ந்து?

மனைவி: வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து. இனிமே வீடே மாற மாட்டேன்னு பெட்டி மேல உக்காந்து அந்த ஆட்டம் ஆடினவ, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுங்க உங்ககிட்ட சொல்றது? சனிக்கிழமை சனிக்கிழமை நான் போனது தையல் கிளாஸ் இல்ல. டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கணவாய்லதான் ஓட்டிப் பழகிட்டிருக்கேன்… மூணாவது வளைவு மட்டும் இன்னும் சரியா வரலங்க.