பட்டாணிக்கு நான் கொடுத்த கேள்வி

எழுத்தாளர் வருகிற நாளில் என் முதல் வேலை, பிள்ளைகளை முன்கூட்டியே கழிப்பறைக்கு அனுப்பிவிடுவது. வருகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். வந்தாலும் தலைமையாசிரியை அறையில் காபி குடித்துவிட்டுத்தான் மாடியேறுவார்கள். அதற்குள் பாதிப் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடும். பள்ளி நூலகத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியதில் நான் கற்ற பெரிய பாடம் அதுதான் சார், சிரிக்காதீர்கள்.

அடுத்த வேலை கேள்விகள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் "உங்களுக்கு எவ்ளோ சம்பளம்", "இது உங்க சொந்த முடியா" என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். அதனால் கேள்விகளை நானே யோசித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எழுந்து நிற்பதிலிருந்து நன்றி சொல்லி உட்காருவது வரை ஒத்திகை பார்ப்பேன். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். எழுத்தாளர்களுக்கும் தெரியும். ஆனாலும் இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல மோவாயைத் தடவிக்கொண்டு பதில் சொல்வார்கள்.

இந்த முறை வந்த எழுத்தாளர் அம்மா உங்களைத் தேடி வந்து பேசினார் என்றீர்கள். கேள்வி கேட்ட சின்னப் பெண் தன் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள் என்றாராம். கவனித்திருக்கிறார், எழுதுகிறவர் இல்லையா. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நானே சொல்லிவிடுகிறேன்.

அவளை வகுப்பில் பட்டாணி என்பார்கள். உருவம் அப்படி. அம்மா இல்லாத பிள்ளை. அப்பா மரப்பட்டறை வைத்திருக்கிறார், அலமாரி செய்வதில் கைராசிக்காரர். எங்கள் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். தலைமையாசிரியை நூலகத்தை எடுத்துவிட்டுக் கணினி அறை ஆக்கப் பார்த்தபோது, கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் அவர் ஒருவர்தான். பேசியதோடு நிற்கவில்லை. விடுமுறையில் வந்து, கூலி வாங்காமல், சுவர் முழுக்க அலமாரி அடித்துக் கொடுத்தார். அந்த அறை இன்னும் நூலகமாக இருக்கிறதென்றால் அது அவர் புண்ணியம். எனக்கென்று வேறு எதுவும் கிடையாது சார். வீட்டில் நானும் சுவரும்தான்.

அலமாரியை மாட்டிக்கொண்டிருந்தபோது அவரே ஒருநாள் சொன்னார். "வீட்ல இது அடம் புடிச்சா அலமாரிக்குள்ள வெச்சுச் சாத்திடுவேன் மிஸ். கொஞ்ச நேரம் கழிச்சுத் தெறந்தா பசு மாதிரி வெளிய வரும்." நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். பட்டாணி கீழே உட்கார்ந்து அவருக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

எழுத்தாளர் அம்மாவின் கதையில், ஒரு பையன் மூடிப்போன ரயில் நிலையத்தில் ஒளிந்து வாழ்வான். பிள்ளைகளுக்கு அதை நான் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டினேன். வாசிப்பு முடிந்ததும் ஒரு நாள் பட்டாணி மட்டும் போகாமல் நின்றாள்.

"மிஸ், அந்தப் பையன் இருந்த ரூம வெளியில பூட்டிட்டாங்கல்ல, உள்ள காத்து எப்படி வந்துச்சு?"

"கதைதானேடா. ஜன்னல் இருந்திருக்கும்."

"ஜன்னல் இல்லன்னா? கதவு இடுக்குல மூக்க வெச்சா கொஞ்சம் வரும். ஆனா புதுசா வார்னிஷ் அடிச்சிருந்தா நெஞ்சு எரியும், தூக்கம் தூக்கமா வரும். அப்ப என்ன பண்ணணும்? எழுதுன ஆன்ட்டிக்குத் தெரியுமா? நான் கேக்கட்டுமா?"

ரயில் நிலையத்தில் ஏது வார்னிஷ்? அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது சார். புரியவில்லை என்று சொன்னால் பொய். இதை அவள் அத்தனை பேர் முன்னால் கேட்டால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். விசாரணை வரும், அவள் அப்பா போவார், அவர் போனால் நூலகம் போகும். முந்நூறு பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரு பிள்ளை ஒரு பக்கம். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, நான் அப்படித்தான் இருந்தேன்.

"அதெல்லாம் பெரியவங்ககிட்ட கேக்கக் கூடாதும்மா" என்று சொல்லி வேறு கேள்வி கொடுத்தேன். 'கதை எழுதும் ஆசை உங்களுக்கு எப்படி வந்தது?' அவள் மறுபேச்சு பேசவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

விழா அன்று அழகாகக் கேட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை. எழுத்தாளர் அம்மா பதில் சொல்லிவிட்டு, மனசில் என்ன பட்டதோ, "உனக்கு வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். பட்டாணி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. லேசாகத்தான். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிவிட்டு அறையைப் பூட்டப் போனேன். புத்தகங்கள் பரப்பியிருந்த மேஜை விரிப்புக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. குனிந்து பார்த்தால் பட்டாணி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், இன்னிக்கு ஒரு நாள் நான் இங்கயே இருந்துக்கறேன். ஒரு புக்கையும் கலைக்க மாட்டேன். சாப்பிட பிஸ்கட் வெச்சிருக்கேன்."

"அப்பா தேட மாட்டாரா?"

"புது அலமாரி செஞ்சுட்டாரு மிஸ். அப்பாவுக்கு போன் பண்ணாதீங்க."

விழாவில் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். உங்கள் போலீஸ் நிலையம் அடுத்த தெருவில்தான், எழுத்தாளர் அம்மாவின் நம்பரும் என்னிடம் இருந்தது. எல்லாம் தெரிந்தும் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு அவள் அப்பா என் முகத்தில் எப்படி விழிப்பார், நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் ஓடியது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

அவர் உடனே வந்தார். "உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டா மிஸ், மன்னிச்சுக்குங்க" என்றார். "கோபப்படாதீங்க, சின்னப் பிள்ள" என்றேன். "சேச்சே" என்றார். அதற்கு மேல் ஒருவரிடம் என்ன கேட்க முடியும்? பட்டாணி பிஸ்கட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் புடவையைப் பிடித்து இழுத்திருந்தால், ஓவென்று அழுதிருந்தால், நானும் மனிதப் பிறவிதானே. அவள் எதுவும் செய்யவில்லை.

"அழாம, சத்தம் போடாம, அப்பா சொல்றதக் கேட்டு நடந்துக்கோ" என்று சொல்லி அனுப்பினேன். "சரி மிஸ்" என்றாள்.

உள்ளே வைத்துச் சாத்திவிட்டு ஏதோ வேலையாக வெளியே போனவர் திரும்ப நேரமாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னாராம். சாகட்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று எனக்குத் தெரியும். வார்னிஷ் காய்ந்திருக்காது என்றும் தெரியும். தெரிந்துதான் அவளை அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறீர்களே, அவர்களுக்கு நிஜமாகவே ஒரு சத்தமும் கேட்டிருக்காது. நான் ஒரு தடவை சொன்னால் போதும், தட்டாமல் கேட்கிற பிள்ளை அவள்.