எல்லாரையும் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டவருக்கு

பசித்த வயிற்றின் பாடறிந்த பண்பே! கந்தகம் மணக்கும் கைகளைக் கனிவோடு பற்றிய கருணையே! ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளருக்கு இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராய் இருந்து இன்று ஓய்வுபெறும் வெள்ளைத்தாய் அம்மையீர், வணக்கம்!

விடியுமுன் வரும் கம்பெனி வேனைப் பிடிக்க, வரக்காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவர்கள் எம்மக்கள். நெஞ்செரிச்சல், வாயு, மலச்சிக்கல் என்று நம் மருத்துவமனை வரிசையில் பத்துப் பேருக்கு நாலு பேர் வயிற்றுக்காகத்தான் நிற்பார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் உலகத்தில் தமக்கு மட்டுமே வந்த நோய்போல, சேலைத் தலைப்பாலோ துண்டாலோ வாயை மூடிக்கொண்டுதான் சொல்வார்கள்.

திரி வெட்டும் முத்துமாரி வந்த நாளை மறக்க முடியுமா? உள்ளே போன வெடிமருந்துத் தூசியை இறக்கும் என்று வேலை முடிந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் தின்பது இங்கே வழக்கம். அவரோ மூன்று மாதமாக அதை மட்டுமே தின்று, வீட்டாருக்கும் சொல்லாமல் சாவுக்குக் காத்திருந்தார்.

"தூசி குடலுக்குள்ள போயிருச்சு சிஸ்டர். இனி பிழைக்க மாட்டேன்."

டாக்டர் பார்த்து, வெறும் வயிற்றால் வந்த புண் என்றார். முத்துமாரி நம்பவில்லை. தாங்கள் வரிசையைப் பார்த்து, "வயித்துக்காக வந்தவுக கையத் தூக்குங்க" என்றீர்கள். பாதிக் கைகள் எழுந்தன.

"கையத் தூக்குனாலே ஏப்பம் வருது சிஸ்டர்!" என்றார் ஒரு பெரியவர்.

மூன்று மாதத்துக்குப் பிறகு முத்துமாரி சிரித்தார். சிரிப்பு அழுகையாய் முடியும்வரை தாங்கள் அவர் தோளைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

சென்ற வாரம் தங்கள் மேசையை ஒழுங்குபடுத்திய மருந்தாளுநர் அய்யாதுரை, இழுப்பறை நிறைய நெஞ்செரிச்சல் மாத்திரையின் காலி அட்டைகளைக் கண்டார்.

"இது யாருக்கு சிஸ்டர்?"

"எனக்குத்தான் தம்பி. ஒத்த ஆளுக்குன்னு யாரு அடுப்பப் பத்த வைப்பா?"

கணவர் மறைந்த இந்த ஒன்பது ஆண்டுகளில் தாங்கள் "சாப்பிட்டீகளா?" என்று கேட்காத ஆளில்லை. தங்களை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. மன்னியுங்கள், அம்மா!

தங்கள் தெருவில்தான் முத்துமாரியும் இருக்கிறார். நாளை முதல், தினமும் வேன் வருமுன் இரண்டு பேருக்கு இட்லி கொண்டுவருவாராம். "முன்கூட்டியே சொல்லிராதீக, வேண்டாம்பாக" என்றார். சொல்லிவிட்டோம்.

மாரியம்மன் அருளால், நன்றாகப் பசித்து, துணையோடு பசியாறி, நெடுங்காலம் வாழ்க!

காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டினால் திறந்துவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்களோடு பணியாற்றிய நாங்கள் அனைவரும்