ஊறவைத்த வளையம்

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் பயணிகள் போட்டில் என் முன் பெஞ்சில் இருவர். ஒருவர் மெக்கானிக் என்பதை விரலிடுக்குக் கிரீஸ் சொன்னது. மற்றவர் அவருடைய தங்கையைக் கட்டியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"தேங்காயெண்ணெயா ஊத்தினே? அதுல என்ன, மீனா பொரிக்கிறே?"

மெக்கானிக்கின் இந்தக் கேள்வியில்தான் என் காது அங்கே போனது.

"ஸ்டைலுக்காகக் காரைத் தாழ்த்தினேன் மச்சான். இப்ப ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி தட்டுது. நாளைக்கு உங்க தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேர்க்கணும். உயர்த்தலாம்னு பார்த்தா ஸ்பிரிங்குக்குக் கீழ உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையம் திரும்பவே மாட்டேங்குது."

"உப்புக்காத்துல மரை இறுகியிருக்கு. உன் எண்ணெயில மண்ணு வேற ஒட்டியிருக்கும். சுத்தியலால அடிச்சியா?"

"ரெண்டே தட்டு."

"நல்லவேளை, நான் பக்கத்துல இல்லை. பிரஷ் போட்டு மரையைச் சுத்தமாக் கழுவு. துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடு. அப்புறம் சக்கரத்தைத் தூக்கிவச்சு, வளையத்தைக் கொஞ்சம் முன்னால, கொஞ்சம் பின்னால திருப்பு. முரண்டு பிடிச்சா மறுபடி ஊற விடு."

"எவ்வளவு நேரம்?"

"அது விடற வரைக்கும். ரெண்டு மூணு நாளாகலாம். நாளைக்கு அவ எதுல போவா?"

"இந்த போட்டுலதான். குலுங்காதாம். 'திரும்பும்போது குழந்தையோட கார்லதான் வருவேன், அதுக்குள்ள உயர்த்தி வை'ன்னு சொல்லிட்டா."

மெக்கானிக் விரலிடுக்குக் கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் நானே வர்றேன். நீ சுத்தியலைத் தொடாதே."