ஒறிஜினல் சத்தம்

தேநீருக்குச் சீனியைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஸவாஹிர். மற்றபடி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களுக்குக் கிற்றார் பழக்கமில்லை என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மின்கிற்றாரில் கம்பிகளுக்குக் கீழே சின்ன உலோகப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே செப்புக்கம்பிச் சுருள் இரண்டு. ஒன்றில் வரும் இரைச்சலை மற்றது அமுக்கிவிடும். ஹம்பக்கர் என்போம். கிற்றாரின் குரலே அதுதான். இந்த எண்பதாம் ஆண்டிலும் கொழும்புக் கடைகளில் நல்லது கிடைக்காது. என்னுடையது ஒரு கப்பற்காரர் சிங்கப்பூரில் வாங்கிவந்த ஒறிஜினல். கிளெமென்றுடையது, கொட்டாஞ்சேனையில் தன் குசினி மேசையில் அவனே கம்பி சுற்றிச் செய்த லோக்கல்.

கிளெமென்ற் எங்கள் இசைக்குழுவின் இரண்டாவது கிற்றார். கெட்டிக்காரன்தான். அவன் செய்ததைத் தகரம் என்பேன், அவனும் சிரிப்பான். வெள்ளவத்தை வரைக்கும் யார் கிற்றார் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். "நோபேட் அண்ணன் காது குடுத்தால் முடிஞ்சுது" என்பார்கள். எனக்கு மனைவி இல்லை, சொந்த வீடு இல்லை. அந்தக் காது இருந்தது.

அன்று பின்னேரம் ஒத்திகைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் வரவில்லை. இரண்டு கிற்றாரையும் மாற்றி மாற்றி வாசித்து ஒப்பிட்டோம். என்னுடையதில் ஆழம் இருக்கிறது, உன்னுடையதில் இல்லை என்றேன். குசினியில் அவன் மனைவி செலீன் களுக்கென்று சிரித்தாள்.

"அண்ணே, கோவிக்கக் கூடாது," என்றான் கிளெமென்ற். "அந்தோனியார் பெருநாளுக்கு முன்னம் வயர் பாக்கத் தந்தனீங்கள் எல்லோ? அப்பவே உங்கட ஒறிஜினலைக் கழட்டிப்போட்டு நான் சுத்தினதைப் பூட்டிட்டன். இவ்வளவு நாளும் லோக்கலை வைச்சுத்தான் புளுகினனீங்கள்."

"பொய்," என்றேன்.

"சனிக்கிழமை வெள்ளவத்தை டான்ஸில மைக்கில சொல்லப்போறன். நீங்களும் லோக்கல்தான், அண்ணே."

அந்தச் சொல்லைக் கொழும்புக் கடைக்காரன் எப்படி உதட்டைப் பிதுக்கிச் சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அப்படித்தான் சொன்னான். சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் யார் வருவார்கள்? ஆனால் கோபத்தில் எதையும் செய்யவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் முறை. அவனுடைய கிற்றார் என் கையில் இருந்தது, ஒலிபெருக்கியில் வயர் செருகியபடியே. கழுத்துப் பக்கம் பிடித்து ஓங்கி அவன் தலையில் அடித்தேன். வறட்டுச் சத்தம்தான் வந்தது. தகரமேதான். நிச்சயப்படுத்திக்கொள்ள மேலும் சில தடவை அடித்தேன். அதற்குள் மண்டை பிளந்துவிட்டது. கால்கள் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தன.

செலீன் ஓடி வந்தாள். அவள் அலறலில் எதுவும் சரியாகக் கேட்காது என்று தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். குரல் தணிந்தது. பிறகு வயரைக் கழற்றி என்னுடைய கிற்றாரில் செருகினேன். ஒலிபெருக்கியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் ஒப்பீடு நியாயமாக இராது.

"நோபேட் அண்ணே, பிள்ளை டியூசனால வரப்போகுது," என்றாள்.

அதே கை, அதே பலம். ஆனால் சத்தம் வேறு, இன்ஸ்பெக்டர். அடி விழுந்த பிறகும் நின்று, மெல்ல மெல்ல அடங்கியது. ஒறிஜினல் அப்படித்தான் அடங்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நீங்கள் செலீனின் அலுமாரியில் எடுத்த பொட்டலத்தைப் பிரித்து, கம்பனி முத்திரையோடு என் ஒறிஜினல் இதோ என்கிறீர்கள். இரண்டு கிற்றாரையும் திறந்து பார்த்தீர்களாம், இரண்டிலும் கிளெமென்றின் பெயர்தான் கீறியிருந்ததாம். நீங்கள் நல்ல மனிதர், ஆனால் காது இல்லாதவர். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு கிற்றாரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அடித்துப் பார்க்க யாராவது இரண்டு பேரையும்.